மதகடியிலிருந்து கடலடிக்கு

செவ்வாய்க்கிழமையன்று மதகடிப்பட்டுக்கு வராதவர்கள் மதகடிப்பட்டைப் பார்த்தவர்கள் ஆகமாட்டார்கள். மற்ற ஆறு நாட்களிலும் அது புதுச்சேரி – விழுப்புரம் நெடுஞ்சாலையில் பஸ் நின்று போகும் ஓர் ஊர், அவ்வளவுதான். குண்டாங்குழி மகாதேவர் கோயில் என்னும் சோழர் காலத்துக் கற்றளி ஒன்று இருக்கிறது. பெரிய பொறியியற் கல்லூரி ஒன்றும் இருக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை பொழுது விடிவதற்குள் ஊரின் முகமே மாறிவிடும். அன்று மாட்டுச் சந்தை!

சந்தையிலே மாடு வாங்க வந்திருக்கும் ஒரு குடியானவரைச் சற்று நேரம் நின்று கவனியுங்கள். அவர் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இரண்டு பல்லா, நாலு பல்லா, பல் சேர்ந்துவிட்டதா என்று கணக்கிடுகிறார். பிறகு சுழி பார்க்கிறார். நாலடி நடத்திப் பார்க்கிறார். கறவையாயிருந்தால் மடியைத் தொட்டுப் பார்க்கிறார். தரகர் காதோடு ஏதோ சொல்லுகிறார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசுகின்றன. இத்தனைக்கும் பிறகு அவர் மாட்டுக்கு மார்க் ஒன்றும் போடுவதில்லை. "இந்த எருதுக்கு நூற்றுக்கு 72" என்று யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை. உழவுக்கு ஆகும், அல்லது ஆகாது. தீர்ப்பு இவ்வளவே.

நாமோ உபாத்தியாயர்கள். நூற்றுக்கு 35 வாங்கினால் தேறியவன், 34 வாங்கினால் தேறாதவன் என்ற கணக்கிலே வளர்ந்து, அதே கணக்கிலே பிறரையும் வளர்த்து வருகிறவர்கள். ஆகவே சந்தைக்காரரின் பரீட்சை முறையை வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். சென்ற கோடையில் கடலுக்கடியில் நடக்கும் ஒரு பரீட்சையை அருகில் இருந்து பார்க்க நேர்ந்த பிறகே அதன் நியாயம் நமக்கு விளங்கிற்று.

அதற்குக் காரணமாயிருந்தவன் நம்முடைய பழைய மாணாக்கன் ஒருவன். பள்ளியிலே அவன் முதல் மாணாக்கன்; கேள்வித்தாளைப் பார்த்துப் பயந்ததே கிடையாது. ஊர்க் கிணற்றிலே முதுகில் காலி டப்பாவைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகி, பிறகு டப்பாவை அவிழ்த்தெறிந்துவிட்டு, மோட்டார்க் கொட்டகையின் மேலிருந்து குதித்து, அடியில் மண்ணெடுத்து வந்து காட்டுகிற பிள்ளை. அவனுக்கு ஸ்கூபா என்னும் முக்குளிப்பு வித்தையைக் கற்று, அதையே தொழிலாகக் கொள்ள வேண்டுமென்று ஆசை வந்தது. முதுகில் ஸிலிண்டரையும் வாயில் ரெகுலேட்டர் என்ற மூச்சுக் கருவியையும் வைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கும் வித்தை அது. ஸிலிண்டருக்குள் இருப்பது பிராண வாயு என்று பத்திரிகைகள் கூட எழுதுகின்றன. அது தவறு. நாம் மூச்சு விடும் சாதாரணக் காற்றுத்தான் அதற்குள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கிறது.

பயிற்சிக் கட்டணத்திற்காக வீட்டில் நின்ற கறவை மாடுகளில் ஒன்று சந்தைக்குப் போயிற்று. மாட்டை விற்ற மறுநாள் அந்த அம்மாள் நம் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"வாத்தியாரய்யா! நீங்க கூடப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லணும். அவங்க இவனுக்குப் பாஸ் போட்டுட்டாங்கன்னா, தண்ணிக்குள்ளே இவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தமா?"

இருபது வருஷத்திற்கு மேலாகப் பரீட்சைத் தாள்களைத் திருத்தி வருகிறோம். "பாஸ் என்றால் என்ன அர்த்தம்?" என்று நம்மை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. கோடை விடுமுறையாகையால் பையனுடன் புறப்பட்டோம்.

மதகடிப்பட்டிலிருந்து கடற்கரை 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். அந்தச் சிறு தூரத்திற்குள்ளேயே புதுச்சேரி எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் மாறி மாறி வருவது இந்தச் சாலையின் விசேஷம். திருபுவனை புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, அரியூர் மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கிழித்துப் போட்ட கோடுகளின் மேல் இன்றைக்கும் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

திருபுவனையைத் தாண்டும்போது உபாத்தியாயர் எவரும் ஒரு பெருமூச்சு விடாமல் போக முடியாது. முதலாம் ராஜாதிராஜ சோழன் காலத்தில், கி.பி. 1048-இல், இங்கே 12 ஆசிரியர்களும் 260 மாணாக்கர்களும் கொண்ட கல்லூரி ஒன்று நடந்ததாகக் கோயில் கல்வெட்டுக் கூறுகிறது. அவர்கள் படிப்பிலேயே கருத்தாயிருக்க வேண்டுமென்று ஊர் வாரிய வேலைகளிலிருந்து அவர்களுக்கு விலக்கும் அளித்திருந்தார்கள். வாக்காளர் பட்டியலையும் குடிக்கணக்கையும் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலையும் இந்தக் காலத்து உபாத்தியாயர்கள் அந்தக் கல்வெட்டைப் படிக்காமல் இருப்பதே நல்லது!

ஸ்கூபா வித்தை தோன்றிய கதையிலும் புதுச்சேரிக்குத் தூரத்து உறவு ஒன்று உண்டு. ஜாக் கூஸ்தோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் எமீல் காஞ்யான் என்ற பொறியியலாளரும் சேர்ந்து 1943-இல் இந்த மூச்சுக் கருவியை உருவாக்கினார்கள். அப்போது புதுச்சேரியிலும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. கருவி பரவப் பரவ, அதைக் கற்றுக் கொடுப்பதற்கும் சோதிப்பதற்கும் ஒழுங்கு தேவைப்பட்டது. 1959-இல் கூஸ்தோவைத் தலைவராகக் கொண்டு அகில உலக சம்மேளனம் ஒன்று ஏற்பட்டது. 1966-இல் அமெரிக்காவில் பி.ஏ.டி.ஐ. என்னும் சங்கம் தோன்றிற்று. நம் பையன் சேர்ந்தது இந்தச் சங்கத்தின் முறைப்படி நடக்கும் முதல் வகுப்பில். அதில் தேறியவர்கள் துணை ஒருவருடன் 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம்.

சுற்றுலா வருகிறவர்களை ஆசிரியர் கையைப் பிடித்து ஒரு மணி நேரம் கடலுக்குள் கூட்டிப்போய்ப் படம் பிடித்துக் கொடுத்தனுப்புவதும் உண்டு. அதற்குப் பரீட்சை கிடையாது. அதைப் பற்றி இங்கே நாம் பேசவில்லை.

முதலில் எழுத்துப் பரீட்சை. 50 கேள்விகள், நூற்றுக்கு 75 வாங்க வேண்டும். நம்முடைய 35-ஐ நினைத்து நாம் சற்றே வெட்கப்பட்டோம். அதைவிட ஆச்சரியம் பிறகு நடந்ததுதான். தேறியவர்களையும் ஆசிரியர் விடவில்லை. தவறாக எழுதிய ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து வைத்துக்கொண்டு, அது விளங்கிவிட்டது என்று மாணாக்கன் தன் வாயால் சொல்லும் வரை உட்கார வைத்தார். மிச்சம் 25-ஐத் தெரியாமலே போய்விடலாம் என்பது இங்கே செல்லாது. அந்த 25-க்குள் ஏறும் வேகத்தைப் பற்றிய கேள்வி இருந்துவிட்டால் என்ன செய்வது?

ஏறும் வேகம் என்றோமே, அது எதற்கு? கடலில் பத்து மீட்டர் இறங்கினால் மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு அழுத்தம். அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவன் மேலே பாய்ந்தால் நுரையீரலே கிழிந்துபோகக்கூடும். அதற்குப் பத்து மீட்டர் கூட வேண்டாம். நாலைந்து அடி ஆழமே போதும். கிணற்றிலே மூச்சைப் பிடிக்கிறவன் வீரன். இங்கே மூச்சைப் பிடிக்கிறவன் ஆபத்துக்குள்ளாகிறான். கிணற்றிலிருந்து ஒருவன் மூச்சை அடக்கி எவ்வளவு வேகமாக மேலே வந்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது. ஏனென்றால் அவன் நெஞ்சிலிருப்பது மேலேயிருந்து கொண்டுபோன காற்று. ஸ்கூபாக்காரனின் நெஞ்சிலிருப்பதோ ஆழத்திலே இழுத்த காற்று. நம் பையனுக்குக் கிணறு கற்றுக்கொடுத்த பாடத்தை மறப்பதே முதல் பாடமாயிற்று.

எழுத்துப் பரீட்சையில் அவன் ஒரே ஒரு கேள்வியைத்தான் தவற விட்டான். கூடப் படித்தவர்களிலே மோட்டார் ஸைக்கிள் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் இரண்டாந் தடவை எழுதித்தான் 75-ஐத் தொட்டார். பள்ளிக்கூட வழக்கப்படி நாம் மனத்துக்குள் தர வரிசை போட்டு முடித்துவிட்டோம்.

மறுநாள் நீச்சல் குளத்திலே வரிசை தலைகீழாயிற்று!

200 மீட்டர் நீந்த வேண்டும். எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம், கால வரம்பு கிடையாது. பத்து நிமிஷம் மிதக்க வேண்டும். இவற்றையெல்லாம் நம் பையன் சிரித்துக்கொண்டே செய்தான். வாயிலிருந்த ரெகுலேட்டரை விட்டுவிட்டு மறுபடி தேடி எடுத்துக் கவ்வுவது, துணைவனிடம் காற்று வாங்கி மூச்சு விடுவது, ஏறாமலும் இறங்காமலும் நடு ஜலத்தில் நிற்பது எல்லாம் நடந்தன. பிறகு வந்தது மாஸ்க். கண்ணையும் மூக்கையும் மூடியிருக்கும் அந்தக் கண்ணாடியைத் தண்ணீருக்கடியில் கழற்றிவிட வேண்டும். ஒரு நிமிஷம் அது இல்லாமலே மூச்சு விட வேண்டும். பிறகு அணிந்துகொண்டு, மூக்கால் ஊதி உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

கழற்றினான். மூக்கில் தண்ணீர் ஏறிற்று. மறுகணம் மேலே வந்து இருமினான். இரண்டாந் தடவையும் அப்படியே. மூன்றாந் தடவையும் அப்படியே. நாலாந் தடவை ஆசிரியரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் விறைக்க, எப்படியோ அந்த ஒரு நிமிஷத்தைக் கழித்துவிட்டு வந்தான். கரையிலிருந்த நாம் கை தட்டினோம். ஆசிரியர் கை தட்டவில்லை. தம் குறிப்பிலே கையெழுத்தும் இடவில்லை. மோட்டார் பழுது பார்க்கும் இளைஞரோ, அடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டுகிறவர் போல அதைச் செய்துவிட்டுப் போனார்.

அந்த ஆசிரியர் கடலோரக் குப்பத்திலே பிறந்தவர், முப்பது வயதிருக்கலாம். மாலையில் அவரிடம் கேட்டோம்: "தம்பி! சொன்னதைச் செய்துவிட்டானே. நாலாந் தடவையானால் என்ன? செய்தது செய்ததுதானே?"

"செய்தான் ஸார். ஆனால் முடித்துவிட வேண்டுமென்று செய்தான். நாளைக்குப் பதினைந்து மீட்டரிலே யாருடைய காலாவது பட்டு மாஸ்க் நழுவினால், நான் எதிரில் இருக்கமாட்டேன், பிடித்துக்கொள்ள என் கையும் இருக்காது. இன்றைக்கு மேலே பாய்ந்தானே, அங்கேயும் அப்படித்தான் பாய்வான்."

"அப்படியானால் பெயில் போட்டுவிட்டீரா?"

"பெயில் என்று எங்களிடம் இல்லை ஸார். இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான்."

இது அவருடைய சொந்த அபிப்பிராயம் அல்ல. சங்கத்தின் விதியே அதுதான். ஒவ்வொரு பயிற்சியையும் சிரமமில்லாமல், தட்டுத் தடங்கலில்லாமல், மறுபடியும் மறுபடியும் செய்யக்கூடிய வகையில், புதிதாகத் தேறும் ஒருவரிடம் எதிர்பார்க்கத் தக்க அளவுக்குச் செய்ய வேண்டும். அதுவரை அது செய்ததாகக் கணக்கில்லை. ஒன்றிலே மிகுந்த திறமை காட்டி மற்றொன்றின் குறையை ஈடு செய்யவும் முடியாது. கணக்கிலே வாங்கிய நூறு, தமிழில் விட்ட இருபதை மூடி மறைப்பது நம்முடைய மொத்த மார்க்கின் மாயம். ஒரு நிமிஷம் மாஸ்க் இல்லாமல் இருக்க முடியாதவனை, அவன் எவ்வளவு அழகாக நீந்தினாலும், அந்த நீச்சல் காப்பாற்றப் போவதில்லை.

நான்கு நாள் வகுப்பு முடிந்தது. மற்றவர்கள் கடலுக்குப் போய் நான்கு முறை மூழ்கி எழுந்து சான்றிதழ் பெற்றுக்கொண்டார்கள். நம் பையன் வெறுங்கையோடு பஸ் ஏறினான். வழி நெடுக அவன் பேசவில்லை. முதல் வரிசையிலிருந்து ஒரு நாளும் இறங்காத பிள்ளைக்கு இது பெரிய இடிதான். வீட்டிலே அந்த அம்மாளுக்கு விஷயத்தைச் சொல்லியபோது, அவர் மாடு போய்விட்டதே என்று வருந்துவார் என எதிர்பார்த்தோம். "அந்த வாத்தியார் நல்லவர் போலிருக்கே" என்றார்.

இந்த முறையில் குறையே இல்லையென்று சொல்லிவிட்டால் நேயர்கள் நம்மைக் கட்சிக்காரர் என்று நினைப்பார்கள். குறை உண்டு. நம் பொதுப் பரீட்சையிலே கற்பித்தவர் ஒருவர், திருத்துகிறவர் வேறொருவர். விடைத்தாளில் பெயர் கூடத் தெரியாது. இங்கேயோ கட்டணம் வாங்குகிறவரும், கற்பிக்கிறவரும், தேறினான் என்று கையெழுத்திடுகிறவரும் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சேர்ந்தவர்கள். சிரமமில்லாமல் செய்தான் என்பதை அளக்கக் கோல் கிடையாது. ஆசிரியரின் கண்தான் கோல். மாணாக்கனோ விடுமுறைக்கு வந்தவன். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குச் சீட்டு வாங்கி வைத்திருப்பவன். சனிக்கிழமை மாலை "இன்னும் ஆகவில்லை" என்று அவனிடம் சொல்ல மனத்தில் உறுதி வேண்டும். அந்த உறுதி எல்லாரிடமும் இருக்குமென்று நாம் நம்பத் தயாராயில்லை. தேறியவர்களுக்கே நேரில் எழுதி, இன்னின்ன பயிற்சியைச் செய்தாயா என்று சங்கம் விசாரிப்பதுண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டவன் எத்தனை பேர் விஷயத்தில் உண்மையை எழுதுவான்? ஆசிரியராக விரும்புகிறவர்களை மட்டும் வெளியிலிருந்து வரும் பரீட்சகர்கள் சோதிக்கிறார்கள். முதல் வகுப்புக்கும் ஒரு வெளிக் கண் இருந்தால் நல்லது என்பது நம் கட்சி.

இன்னொன்று. ஒரு முறை வாங்கிய சான்றிதழுக்கு முடிவுத் தேதி கிடையாது. பத்து வருஷம் கடலையே பார்க்காதவனும் அட்டையைக் காட்டலாம். அதனால்தான் நல்ல இடங்களில் அட்டையோடு, கடைசியாக எப்போது இறங்கினாய் என்றும் கேட்கிறார்கள். நாளாகியிருந்தால் மறுபடி குளத்தில் இறக்கிப் பார்க்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவிலே முத்துக் குளித்த நம்மவர்களுக்கு அட்டையும் இல்லை, எழுத்துப் பரீட்சையும் இல்லை. இடுப்புக் கயிற்றை மேலே யார் பிடிப்பது என்பதில்தான் அவர்களுடைய ஜாக்கிரதையெல்லாம். மைத்துனனைத்தான் பிடிக்கச் சொல்வார்கள், தங்கையின் தாலிக்காகவாவது அவன் கயிற்றை விடமாட்டான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஸ்கூபாவில் மைத்துனனுக்குப் பதிலாகத் துணைவன். இறங்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் தொட்டுச் சோதிக்க வேண்டும். அதையும் ஆசிரியர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

நம் பையன் என்ன செய்தான்? மூன்று வாரம் வீட்டுத் தொட்டியிலே முகத்தை அமிழ்த்தி, மூக்கில் தண்ணீர் படப் பட, வாயில் ஒரு குழாயை வைத்து மூச்சு விடப் பழகினான். பிறகு மறுபடி குளத்துக்குப் போனோம். அவன் மாஸ்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு நிமிஷம் ஆயிற்று. ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேலும் உட்கார்ந்திருந்தான். மாட்டிக்கொண்ட பிறகு ஆசிரியர் மறுபடி கழற்றச் சொன்னார். மறுபடியும் சொன்னார். மூன்றாந் தடவை முடிந்ததும் பையையெடுத்துப் பேனாவைத் தேடினார்.

கடலுக்குப் போனபோது நாமும் படகில் இருந்தோம். அங்கே ஒரு சோதனை நம்மை மிகவும் கவர்ந்தது. காற்றுத் தீர்ந்துவிட்டதாகப் பாவித்து, ஆறு முதல் ஒன்பது மீட்டர் ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வர வேண்டும். வரும் வழியெல்லாம் "ஆ" என்று ஓயாமல் சத்தமிட்டுக்கொண்டே வர வேண்டும். சத்தம் வந்தால் காற்று வெளியேறுகிறது என்று பொருள். நின்றால் மூச்சை அடக்கிவிட்டான் என்று பொருள். ஆசிரியர் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு வருகிறார். நம் பரீட்சை மண்டபத்தில் வாயைத் திறந்தால் வெளியே அனுப்புகிறோம். இங்கே வாயை மூடினால் பரீட்சை போயிற்று!

மார்க்கே கிடையாதா என்று கேட்டால், உண்டு. ஆனால் மேல் வகுப்பில். பிறருக்கு வழிகாட்டும் டைவ் மாஸ்டர் வகுப்பிலே 24 பயிற்சிகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மார்க். செய்யவே முடியாதவனுக்கு 1. தட்டுத் தடுமாறிச் செய்தவனுக்கு 2. சரியாகவே செய்தாலும், பார்ப்பவனுக்கு விளங்காதபடி வேகமாகச் செய்தவனுக்கு 3-தான். நிதானமாக விளங்கச் செய்தவனுக்கு 4. ஒவ்வொரு அசைவும் கண்ணில் படும்படி, சிரமமே தெரியாமல் செய்தவனுக்கு 5. எதிலும் மூன்றுக்குக் குறையக்கூடாது. 120-க்கு 82 வேண்டும். 400 மீட்டர் நீச்சலுக்கும் மார்க் உண்டு: ஆறரை நிமிஷத்திற்குள் முடித்தால் 5. தனக்காகச் செய்கிறவனுக்கு ஆகும், ஆகாது என்ற தீர்ப்பு போதும். கற்பிக்கப் போகிறவனுக்குத்தான் தரம் பிரிக்க வேண்டியிருக்கிறது. தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகும் உபாத்தியாயருக்கு ஐந்தில் மூன்று! கரும்பலகைக்கு முன்னால் நம்மையும் இப்படி யாராவது சோதித்தால் எத்தனை பேர் நாலைத் தொடுவோம் என்று படகிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். கணக்கின் முடிவை இங்கே வெளியிடப் போவதில்லை.

பையனுக்கு அட்டை வந்துவிட்டது. பெயர், படம், தேதி, ஆசிரியரின் எண் இவை இருக்கின்றன. அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "ஒன்றும் ஆகாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அம்மா. மாஸ்க் கழன்றாலும், காற்றுத் தீர்ந்தாலும், பதறாமல் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்வான் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அதை நாமும் கண்ணால் பார்த்தோம்." அவர் சற்று யோசித்துவிட்டு, தனியாக மட்டும் இறங்கக்கூடாது என்று பையனிடம் சொல்லச் சொன்னார். விதியும் அதுதான் என்று சொன்னோம்.

டைவ் மாஸ்டர் வகுப்பில் சேருவதற்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும்; இடையில் உள்ள மேல் வகுப்பையும் மீட்புப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும்; நாற்பது முறையாவது மூழ்கியதாகக் குறிப்பேடு வேண்டும். பையனின் குறிப்பேட்டில் இப்போது நான்கு இருக்கின்றன.